உப்பைக் கணக்கில் வைத்து ஜப்பானிய வீட்டுச் சாப்பாடு: தாஷி முதல் தட்டு வரை

ஜப்பானிய வீட்டுச் சமையலில் எண்ணெய் குறைவு. மீன், சோயா, கடற்பாசி, கிழங்கு, கீரை எல்லாம் தாராளம். அதன் பலவீனம் உப்புதான். ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸில் ஏறக்குறைய 2.6 கிராம் உப்பு இருக்கிறது. நாள் முழுவதற்கும் ஆண்கள் 7.5 கிராமுக்குள்ளும் பெண்கள் 6.5 கிராமுக்குள்ளும் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஜப்பான் அரசின் உணவு வழிகாட்டி நெறி. மிசோ (நொதிக்கவைத்த சோயா விழுது) கரைத்த சூப், உப்பிட்ட மீன், ஊறுகாய், மேலே ஊற்றிக்கொள்ளும் சோயா சாஸ் என்று கவனமில்லாமல் சேர்த்தால் இரண்டு வேளையிலேயே அந்த எல்லை தாண்டிவிடும்.

உப்பைக் குறைத்தும் சப்பென்று ஆகாமல் இருக்க ஜப்பானியச் சமையலிடமே ஒரு வழி இருக்கிறது: தாஷி என்ற அடிச்சாறு. தாஷி கெட்டியாக இருந்தால் உப்பு தானாகக் குறையும். தாஷி நீர்த்துப்போனால் கை மிசோவையும் சோயா சாஸையும் தேடும். இருவருக்கான ஒரு வேளைச் சாப்பாட்டை, உப்புக் கணக்கோடு, கீழே பார்க்கலாம். கரண்டி அளவுகள் ஜப்பானிய வழக்கப்படி: மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி.

வாங்கும்போது

சோயா சாஸில் பெரும்பாலும் இரண்டு வகை கண்ணில் படும். கொய்குச்சி கருமையானது, உப்பு சுமார் 14.5%. உசுகுச்சி நிறம் வெளுத்தது. ஆனால் உப்பு சுமார் 16%. வெளுத்திருக்கிறதே, உப்பும் குறைவாக இருக்கும் என்று நினைத்து வாங்குவோர் நிறைய. காயின் நிறம் மாறாமல் இருக்கத்தான் உசுகுச்சி. உடல்நலத்துக்கு அதனால் லாபமில்லை. கென்-யென் என்று எழுதியிருந்தால் அது உப்புக் குறைத்த வகை.

மிரின் என்ற இனிப்பான சமையல் திரவம் மூன்று விதம். ஹொன்-மிரின் என்பதுதான் அசல். ஒட்டும் அரிசி, கோஜி (பூஞ்சை வளர்த்த அரிசி), சாராயம் சேர்த்து ஊறவைத்தது, மது சுமார் 14%, உப்பு இல்லை. மிரின்-ஃபூ என்பது சர்க்கரைப் பாகுச் சுவையூட்டி. மது 1 சதவீதத்துக்கும் கீழே. மூன்றாவது, உப்புச் சேர்த்து நொதிக்கவைத்த மிரின் வகை. சமையல் சாகே (சாகே என்பது அரிசி மது) என்று விற்கும் ர்யோரிஷுவிலும் இதே சிக்கல்: மது வரி விழாமல் இருக்க, குடிக்க முடியாதபடி அதில் 2 முதல் 3% உப்புக் கலந்திருப்பார்கள். சாதாரண சாகே வாங்கினால் இந்த மறைமுக உப்பு போய்விடும். மதுவே வேண்டாம் என்பவர்கள் மிரினுக்குப் பதில் கொஞ்சம் சர்க்கரையும் தாஷியும் சேர்க்கலாம்; பளபளப்பு குறையும், சுவை பெரிதாகக் கெடாது.

மிசோவில் நகானோ மாநிலத்தின் ஷின்ஷு மிசோ எல்லாச் சூப்புக்கும் ஒத்துவரும். உப்பு 12% அளவில். அய்ச்சி மாநிலத்து ஒகாசாகி ஊரின் ஹாட்சோ மிசோ வெறும் சோயாவில் செய்தது. கறுப்பு, துவர்ப்பு, உப்பு 11% சுற்றி. கியோத்தோவின் சாய்க்யோ மிசோ இனிப்பானது, உப்பு 5 முதல் 6%. ஆனால் அது இனிப்பு என்பதால் சூப்பில் இரண்டு மடங்கு போட நேரும். கடைசியில் உப்பு சமமாகிவிடுகிறது. ‘தாஷி-இரி’ என்று உறையில் இருந்தால் தாஷியும் முன்பே கலந்த மிசோ. சொந்தமாக தாஷி எடுப்பவருக்கு அது தேவையில்லை.

தாஷி

கொம்பு என்றால் இங்கே மாட்டின் தலையில் இருப்பது அல்ல. ஹொக்காய்தோக் கடலில் விளையும், தோல் பட்டைபோல் காய்ந்த கடற்பாசி. மா-கொம்புவும் ரிஷிரியும் தெளிந்த சாறு தரும். ரவுசு கனமான சாறு தரும், கொஞ்சம் கலங்கும். ஹிதாகா சீக்கிரம் வேகும். அதைத் தாஷியைவிட வேகவைத்துச் சாப்பிடவே பயன்படுத்துவது நல்லது.

கொம்புவின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது பூஞ்சை என்று கழுவிவிடாதீர்கள். பெரும்பாலும் அது மானிட்டால் என்ற இனிப்புப் பொருள். ஈரத்துணியால் மண்ணை மட்டும் லேசாகத் துடைத்தால் போதும். பச்சையாகவோ பஞ்சுபோலவோ முளைத்திருந்தால்தான் பூஞ்சை. அதைத் தூக்கி எறிய வேண்டும்.

1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கொம்பு, 20 முதல் 25 கிராம் கட்சுவோபுஷி. கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவிய செதில். கொம்புவைத் தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சின்னத் தீயில் 10 நிமிடமாவது எடுத்துக்கொண்டு சூடேற்றுங்கள். பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் எழத் தொடங்கியதும் கொம்புவை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வழவழப்பும் கடல் நாற்றமும் இறங்கும்; ஒரு தடவை இறங்கிவிட்டால் திருத்த வழியில்லை. அடுத்து தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, அரை நிமிடம் ஆறவிட்டு, செதிலை ஒரே தடவையாகப் போடுங்கள். கிளறாதீர்கள். ஒன்றிலிருந்து இரண்டு நிமிடத்தில் செதில் அடியில் அமரும். துணியில் வடிகட்டுங்கள். தெளிந்த சூப்புக்கு என்றால் துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் கசப்பும் கலங்கலும் வரும். மிசோ சூப்புக்கு லேசாக அழுத்தினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இரண்டும் சேர்ந்தால் ஏன் இவ்வளவு சுவை? 1908-இல் தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் இகேதா கிகுனாயே கொம்புச் சாற்றில் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913-இல் கொதாமா ஷின்தாரோ கட்சுவோபுஷியில் இனோசினேட்டைக் கண்டார். 1957-இல் குனினாகா அகிரா ஷீடாகே காளானின் குவானிலேட்டைக் கண்டறிந்தார். குளுட்டமேட்டோடு இவை கலந்தால் உமாமி கூட்டலாக அல்லாமல் பல மடங்காக எழும்புகிறது என்பதையும் சொன்னார். சமையல்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இரண்டையும் கலந்துகொண்டுதான் இருந்தார்கள்.

தாஷி சுவையாக வரவில்லை என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் கொம்புவின் சாறு சரியாக இறங்காது, நுரையும் திரளும். ஜப்பானின் குழாய் நீர் பெரும்பாலும் மென்னீர் என்பதால் அங்கே யாரும் இதைப் பற்றி எழுதுவதில்லை. கடின நீர் வரும் ஊரில் வடிகட்டிய மென்னீரில் எடுத்தால் அதே கொம்பு வேறு சாறு தரும்.

மீன் சேர்க்காதவர்களுக்கு: கொம்பு 10 கிராம், காய்ந்த ஷீடாகே 15 கிராம், தண்ணீர் 1 லிட்டர். ஃப்ரிட்ஜிலேயே ஊறட்டும், 8 மணி நேரத்துக்குக் குறையாமல். அவசரத்துக்கு வெந்நீரில் ஊறப்போட்டால் காளான் மேலே மட்டும் நனையும், சாறு கசக்கும். குவானிலேட் உருவாவது சூடேற்றும்போதுதான், முக்கியமாக 60 முதல் 70 டிகிரி வரையில். ஆகவே குளிரில் ஊறவைத்து, பிறகு அந்த வெப்பநிலையை மெதுவாகக் கடந்து போகும்படி சூடாக்குங்கள். காளானின் காம்பை நறுக்கிவிட்டு மற்றதைச் சூப்பிலேயே போடலாம். நேரமிருந்தால் காய்ந்த காளானைக் குடையின் அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி ஓரிரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். அதன் வைட்டமின் டி கூடும்.

நெத்திலி இனத்துக் காய்ந்த மீனான நிபோஷியில் எடுப்பதென்றால் தலையையும் கறுத்த குடலையும் கிள்ளிப்போட வேண்டும். கசப்பு அங்கேதான். 1 லிட்டருக்கு 20 கிராம், இரவு ஊறல், 5 நிமிடக் கொதி.

கடையில் விற்கும் தாஷிக் குருணை பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் எடையில் ஏறக்குறைய 40% உப்பு. ஒரு தேக்கரண்டி போட்டால் 1.2 கிராம் உப்பு உள்ளே போகிறது. மிசோ அதற்கு மேல். குருணையைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் மிசோவைப் பாதியாகக் குறையுங்கள். வேளை கிடைக்கும்போது தாஷி எடுத்து உறையவைத்துக்கொள்வது இதைவிட நல்ல தீர்வு.

சோறு

ஜப்பானிய அரிசி அளவான ஒரு கோ என்பது 180 மில்லி, அரிசியில் சுமார் 150 கிராம். முதல் தண்ணீரை ஊற்றிய உடனே கொட்டுங்கள். காய்ந்த அரிசி அந்தத் தண்ணீரைத்தான் வேகமாகக் குடிக்கும், தவிட்டு வாடையோடு. இன்னும் இரண்டு மூன்று தடவை கழுவி, கோடையில் 30 நிமிடம், குளிரில் 1 மணி நேரம் ஊறவிடுங்கள். அரிசியின் கொள்ளளவில் 1.1 முதல் 1.2 மடங்கு தண்ணீர். நார்ச்சத்து கூட வேண்டுமென்றால் 2 கோ அரிசிக்கு 50 கிராம் தட்டிய பார்லியும் கூடுதலாக 100 மில்லி தண்ணீரும். கனமான பாத்திரத்தில் கொதி வந்ததும் மிகச் சின்னத் தீயில் 12 முதல் 13 நிமிடம், அணைத்த பின் 10 நிமிடம். நடுவில் மூடியைத் திறந்தால் நீராவி போய்விடும், நடு அரிசி வேகாது. இந்தச் சோற்றில் உப்பே இல்லை என்பதுதான் தட்டில் உள்ள மற்றவற்றுக்குக் கிடைக்கும் சலுகை.

மிசோ சூப்

வழக்கமாக ஒரு கிண்ணத்துக்கு 150 மில்லி தாஷி, 12 கிராம் மிசோ. நாம் 120 மில்லி தாஷியும் 8 கிராம் மிசோவும் எடுத்துக்கொண்டு மீதி இடத்தைக் காயால் நிரப்புவோம். காய் கூடினால் சாறு குறையும், சாறு குறைந்தால் மிசோ குறையும். உப்புச் சாப்பாட்டுக்குப் பேர்போன நகானோ மாநிலம் 1980-களின் தொடக்கத்தில் உப்புக் குறைப்பு இயக்கத்தை நடத்தியபோது வீடு வீடாகச் சொல்லப்பட்ட அறிவுரைகளில் இதுவும் ஒன்று. 2010-ஆம் ஆண்டுக் கணக்கில் நகானோ ஆண், பெண் இருபாலரின் சராசரி ஆயுளிலும் ஜப்பானில் முதலிடத்துக்கு வந்திருந்தது. அதற்குச் சூப் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது; ஆனாலும் அறிவுரை நல்ல அறிவுரை.

இருவருக்கு: முள்ளங்கி 80 கிராம், கேரட் 30 கிராம், வெங்காயம் 50 கிராம், டோஃபு 80 கிராம். மண்ணுக்கடியில் விளைந்தவை குளிர்ந்த தாஷியிலேயே போக வேண்டும். கொதிக்கும் சாற்றில் போட்டால் வெளிப்பக்கம் குழையும், நடு கடிபடும். அவை வெந்த பின் டோஃபு, ஒரு நிமிடம். அடுப்பை அணைத்துவிட்டு, மிசோவைக் கரண்டியில் எடுத்துச் சிறிது சாற்றில் கரைத்து ஊற்றுங்கள். மறுபடி தீ மூட்டி, விளிம்பில் முதல் குமிழி எழும்போது அணையுங்கள். ஜப்பானில் அந்த நொடியை நியேபானா என்பார்கள். மிசோவின் மணம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். அதற்கு மேல் கொதித்தால் மணம் பறந்துபோய் உப்பு மட்டும் மிஞ்சும். சூடுபடுத்தச் சூடுபடுத்த அது கரிக்கும். இரவுக்கும் வேண்டுமென்றால் காயை வேகவைத்த தாஷியைப் பாதி எடுத்துவைத்து, அந்தந்த வேளைக்கு மட்டும் மிசோ கரையுங்கள்.

வகாமே என்ற கடற்பாசியைச் சேர்ப்பதானால் காய்ந்த துண்டுகள் ஒரு கிண்ணத்துக்கு 1 கிராம் போதும். நனைந்தால் அது பத்து மடங்குக்கு மேல் பெருகும். கைப்பிடி அள்ளிப் போட்டவர் சூப்பைத் தேடத்தான் வேண்டும். வேகவைக்க வேண்டியதில்லை, கிண்ணத்தின் அடியில் போட்டு மேலே சூப்பை ஊற்றலாம்.

ஷியோ-கோஜி தடவிய சால்மன்

கோஜி என்பது வெந்த அரிசியில் கோஜிப் பூஞ்சையை வளர்த்தது. சாகே, மிசோ, சோயா சாஸ் எல்லாவற்றுக்கும் அந்தப் பூஞ்சையே விதை. காய்ந்த கோஜி 200 கிராமை உதிர்த்து, 70 கிராம் உப்போடு கையால் பிசைந்து, 300 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல், மூடியை இறுக்காமல் வையுங்கள். காய்ந்த கோஜி தண்ணீரைக் குடிக்கும். மறுநாள் அரிசி வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு ஊற்றலாம். தினம் ஒரு தடவை சுத்தமான கரண்டியால் கிளற வேண்டும். கோடையில் ஒரு வாரம், குளிர்காலத்தில் இரண்டு வாரம் வரை. அரிசி விரலில் மசிந்து, இனிப்பு மணம் வந்தால் தயார், இனி ஃப்ரிட்ஜில். உடல்நலம் என்று நினைத்து இங்கே உப்பைக் குறைக்காதீர்கள். வேண்டாத நுண்ணுயிரிகளைத் தடுப்பது அந்த உப்புதான். குறைத்தால் புளித்து வீணாகும். குறைக்க வேண்டியது தடவும் அளவை.

கலவையில் உப்பு சுமார் 12%. 80 கிராம் வீதம் இரண்டு துண்டு சால்மனுக்கு 14 கிராம் ஷியோ-கோஜி. உப்பிடாத பச்சை மீனாக வாங்குங்கள். ‘அமாஷியோ’ என்று எழுதியது லேசாக உப்பிட்டது, அதன்மேல் கோஜியும் தடவினால் கணக்கு இரட்டிப்பாகும். ஈரத்தைத் துடைத்து, தடவி, ஃப்ரிட்ஜில் 2 மணி நேரம் முதல் ஓர் இரவு வரை. கோஜியின் நொதிகள் புரதத்தை உடைத்து மீனை மென்மையாக்கி உமாமியைக் கூட்டும். இரண்டு மூன்று நாள் விட்டால் சதை பொடபொடவென்று ஆகிவிடும்.

சுடும்போது கெடுவது ஒரே காரணத்தால்: கோஜியில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருப்பதால் சீக்கிரம் கருகும். மேலே ஒட்டியதைத் துடைத்தெடுத்து, வாணலியில் பேக்கிங் தாள் விரித்து, மிதத்துக்கும் குறைந்த தீயில் மூடி 4 நிமிடம், திருப்பிப் போட்டு 3 நிமிடம். துருவிய முள்ளங்கியைப் பக்கத்தில் வைத்தால் சோயா சாஸ் கேட்காது. அதன்மேல் எலுமிச்சையோ யுசுவோ பிழியலாம்.

இரண்டு துணைக்கறி

கீரை கோமா-ஆயே: 200 கிராம் பாலக் கீரை. கொதிக்கும் தண்ணீரில் தண்டை மட்டும் 20 விநாடி பிடித்து, பிறகு இலையையும் இறக்கி 20 விநாடி. உடனே குளிர்நீர், நிறமும் நிற்கும், காறலுக்குக் காரணமான ஆக்சாலிக் அமிலமும் கழியும். பிழிந்து, 4 செ.மீ. துண்டாக நறுக்குங்கள். இனிதான் பலர் தவறவிடும் படி. அரைத் தேக்கரண்டி சோயா சாஸை மேலே தெளித்துக் கலந்து இன்னொரு தடவை பிழிய வேண்டும். ஷோயு-அராய், அதாவது சோயா சாஸில் அலசுதல் என்று இதற்குப் பெயர். உள்ளே மிஞ்சிய தண்ணீர் வெளியேறிவிடும், கலவை நீர்க்காது, குறைந்த உப்பே போதும். வறுத்த வெள்ளை எள் 2 மேசைக்கரண்டியை முக்கால் பதத்துக்கு இடித்து, சர்க்கரை 1 தேக்கரண்டி, சோயா சாஸ் அரைத் தேக்கரண்டி, தாஷி 1 தேக்கரண்டி சேர்த்துச் சாப்பிடும் நேரத்தில் கலக்குங்கள். முழு எள்ளாகப் போட்டால் மணமும் இல்லை, பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறும்.

கின்பிரா கோபோ, நான்கு பேருக்கு. மூன்று நான்கு நாள் ஃப்ரிட்ஜில் நிற்கும். கோபோ என்ற நீண்ட வேர் 150 கிராம், கேரட் 60 கிராம். வேரின் மணமெல்லாம் தோலுக்கு அடியில்தான், அதனால் தோலைச் சீவாமல் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிமனாக நறுக்கி ஒரு நிமிடம் தண்ணீரில் அலசினால் போதும். தண்ணீர் பழுப்பாவது அழுக்கால் அல்ல, பாலிஃபீனாலால். வெளுக்கும்வரை ஊறவைப்பவர் சத்தையும் மணத்தையும் சேர்த்துக் கொட்டுகிறார். வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய் 2 தேக்கரண்டியில், பெரிய தீயில் 3 நிமிடம் வதக்கி, சாகே 1 மேசைக்கரண்டி, மிரின் 1 மேசைக்கரண்டி ஊற்றிப் பாதி வற்றியதும் சோயா சாஸ் 2 தேக்கரண்டி. இனிப்பு முன்னே, சோயா பின்னே என்ற வரிசையை மாற்றாதீர்கள். உப்பு முதலில் போனால் இனிப்பு உள்ளே ஏறாது, சோயாவின் மணமும் கொதியில் போய்விடும். வாணலியின் அடி தெரியும்வரை வற்றவிட்டு, மிளகாய் வட்டங்களும் எள்ளும் தூவுங்கள். தீ குறைவாக இருந்தால் வேர் வெந்து தளரும், மொறுமொறுப்பு போய்விடும்.

இப்போது ஒருவருக்கான உப்பைக் கூட்டினால்: சூப்பில் 1.1 கிராம், மீனில் அதிகபட்சம் 0.9, கீரையில் 0.4, கின்பிராவில் 0.4. மொத்தம் 2.8 கிராம். பக்கத்தில் பழைய முறைப்படி 18 முதல் 20% உப்பில் ஊறிய உமெபோஷி (உமெ என்ற பழத்தின் ஊறுகாய்) ஒன்று வைத்தால், சதை 10 கிராம் இருந்தாலே 2 கிராம் உப்பு கூடும். ஊறுகாய் வேண்டும் என்ற நாளில் சூப்பை விட்டுவிடுவது நியாயமான பேரம்.

கடற்பாசியிலும் நாட்டோவிலும் கவனிக்க வேண்டியவை

கொம்புவில் அயோடின் மிக அதிகம். பெரியவர்களுக்கு ஜப்பானின் மேல் எல்லை நாளுக்கு 3,000 மைக்ரோகிராம். கொம்புவையே கறியாகத் தினம் தின்றால் அதைத் தாண்டுவது எளிது. தைராய்டு சிக்கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே தினசரி கொம்பு தாஷிக்குப் போக வேண்டும். அவர்களுக்குக் கட்சுவோபுஷி அல்லது நிபோஷி மட்டும் போட்ட தாஷி இருக்கிறது.

ஹிஜிகி என்ற கறுத்த பாசியில் கனிம ஆர்செனிக் உண்டு. பிரிட்டன் உணவுத் தர அமைப்பு அதைச் சாப்பிட வேண்டாம் என்றே 2004-இல் அறிவித்தது. ஜப்பான் வேளாண் அமைச்சகம் சொல்வது இது: 30 நிமிடம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவைத்து அதையும் கொட்டினால் ஆர்செனிக்கில் 90% அளவுக்குப் போய்விடும். ஊறவைத்த தண்ணீரைச் சத்து என்று சமையலில் சேர்ப்பதுதான் இதில் மிக மோசமான தவறு.

நாட்டோ என்ற நொதிக்கவைத்த சோயாவில் வைட்டமின் கே நிறைய. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடக் கூடாது. கொஞ்சம் சாப்பிட்டாலும் மருந்தின் வேலை குறையும். மற்றவர்கள் கூடவே வரும் சாஸ் பொட்டலத்தைப் பாதி மட்டும் ஊற்றி, கடுகும் நறுக்கிய வெங்காயத்தாளும் கூட்டிக்கொள்ளலாம்.

மிஞ்சியவை

1 லிட்டர் தாஷியில் இந்தச் சாப்பாட்டுக்குப் போவது கால் லிட்டர்தான். மீதி ஃப்ரிட்ஜில் இரண்டு, மூன்று நாள் தாங்கும். ஐஸ் தட்டில் உறையவைத்தால் மூன்று வாரம். கட்டி ஒன்று 20 மில்லி என்று அளந்துவைத்தால் ஒரு கிண்ணச் சூப்புக்கு ஆறு என்று எண்ணிப் போடலாம். வடிகட்டிய கட்சுவோபுஷியைப் பிழிந்து பொடியாக நறுக்கி, வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, சோயா சாஸ் 1 தேக்கரண்டி, மிரின் 1 தேக்கரண்டி, எள் 1 மேசைக்கரண்டி சேர்த்து உதிரியாகும்வரை கிளறினால் சோற்றில் தூவும் ஃபுரிகாகே. ஈரம் முழுதும் போவதற்குள் சோயாவை ஊற்றினால் கட்டிகட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நன்றாக உலர்த்தியது ஐந்து நாள் ஃப்ரிட்ஜில் இருக்கும்.